வரும் என்று சொன்னவர்

வலியசாலைக்குக் கல்யாணமாகி வந்த புதிதில், ஒருநாள் காலையில் எதிர்வீட்டு மாமி வாசலில் நின்றபடி, வெள்ளக்காரர் வந்தாச்சு, குடத்தை எடுத்து வை என்று குரல் கொடுத்தாள். நான் திருச்சிக்காரி. வெள்ளைக்காரர் எதற்கு இந்தத் தெருவுக்கு வருகிறார், அவருக்கும் குடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்துக்கொண்டு நின்றேன். காக்கிச் சட்டையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக ஒருவர் நடந்து வந்தார். ஆள் உயர இரும்புத் தண்டு ஒன்றைத் தோளில் சாய்த்திருந்தார். தெருமுனையில் ஒரு இரும்பு மூடியைப் புரட்டிவிட்டு, குழிக்குள் தண்டை இறக்கித் திருகினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டியது. மலையாளம் பேசுகிற இந்த ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

அவருக்குப் பெயர் இருந்திருக்கும். தெருவில் யாரும் கேட்டதில்லை. குழிக்குள் இருக்கிற வால்வைத் திறந்து விடுகிறவர் என்பதால் எங்களுக்கு அவர் வால்வுக்காரர். பாறசாலைப் பக்கத்துத் தமிழர். பெண்களை அம்மா என்றும் ஆண்களை சார் என்றும் கூப்பிடுவார். எதிர்வீட்டு மாமி மட்டும் அவருக்கும் மாமிதான், வயது ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும்.

கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற மனிதர் அவர். வாசலில் ஒரு முகம் தெரிந்தால் போதும், "வரும் அம்மா, வராம எங்க போவும்?" என்பார். முதலில் அது தண்ணீரைப் பற்றிய பேச்சு என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் அதுதான். என் வீட்டுக்காரருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனபோது வரும் என்றார். காந்தாரி அம்மன் கோயில் வழியாகப் போகிற பேருந்து நின்றுபோனபோது திரும்ப வரும் என்றார். எங்கள் தெருப் பெண்கள் கிள்ளிப்பாலத்தில் ஒரு தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்போம். அவர் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் ஒரு கால் சூம்பிப்போனவர், தாங்கி நடக்கிறவர். வால்வுக்காரருக்குப் பக்கத்து வீடு. அதனால் தைத்த துணிகளை இவர்தான் காலையில் பையில் போட்டுக்கொண்டு வந்து தருவார். தையல்காரர் எதையும் சொன்ன நாளில் முடித்ததில்லை. அவருக்கும் சேர்த்து இவரே நாளைக்கு வரும் என்று சொல்லிவைப்பார்.

எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. ஒருநாள் தெருவில் ஒருத்தி எல்லோர் காதிலும் விழும்படி, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா என்று கேட்டுவிட்டாள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன். குழிக்குள் குனிந்து நின்றவர் நிமிரவில்லை. வால்வைத் திருகிக்கொண்டே, அதெல்லாம் வரும், நீங்க குடத்தைப் பாருங்க, நெறஞ்சு வழியுது என்றார். அது வரவில்லை, கடைசிவரைக்கும். ஆனாலும் அன்று அந்த இடத்தில் அவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

அந்த வருஷங்களில் அவருடைய வாக்கு பெரும்பாலும் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் அவரில்லை, மழை. மேட மாசம், நம் சித்திரை, முடிகிறபோது கிணறு இறங்கிவிடும், குழாயிலும் தண்ணீர் இளைத்துவிடும். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு இடவப்பாதிப் பருவமழை வரும் என்று அவர் வீடு வீடாகச் சொல்லிப் போவார். புதுச் சீருடையும் புதுக் குடையுமாகக் குழந்தைகள் தெருவில் இறங்குகிற அதே காலையில் மழை வந்துவிடும். குடை பிடிக்காமல், அந்தத் தண்டோடு, முழுக்க நனைந்தபடி அவர் தெருவில் நடந்து வருவார். என்னமோ அவரே போய் அழைத்துக்கொண்டு வந்ததுபோல ஒரு முகம். மாமி அவரை நிறுத்தி வைத்து, சூடாகக் காப்பி கொடுப்பாள்.

எந்த வருஷத்திலிருந்து அது மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு வருஷம் பிந்தி வந்தது, சரி என்று விட்டோம். இன்னொரு வருஷம் பள்ளிக்கூடம் திறந்து, முதல் பரீட்சையும் முடிந்து, குழந்தைகள் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். கிழக்கே மேகம் கூடும், மாலையில் கலைந்துவிடும். மழை அறவே இல்லாமல் போகவில்லை. வேண்டாத மாசத்தில் ஒரே நாளில் கொட்டிவிட்டு, வேண்டிய மாசம் முழுக்கச் சும்மா இருந்தது. எங்கள் கொல்லைக் கிணற்றில் கும்ப மாசமே, அதாவது மாசியிலேயே, வாளி சேற்றில் இடித்தது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. அப்புறம் அதுவும் ஒரு மணி நேரம். அவர் தெருமுனையில் தெரிந்தால் குடங்களும் பிளாஸ்டிக் வாளிகளுமாக ஜனங்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர் அதே மாதிரி, வரும் அம்மா, வரும் சார் என்று சொல்லிக்கொண்டே குழிக்கு வழி கேட்டு நடப்பார்.

மாமியின் மகள் கல்யாணம் அப்படி ஒரு மேட மாசத்தில் வந்தது. மாமி விதவை. ஒரே மகள். வீட்டோடு பந்தல் போட்டு நடத்துவது என்று பிடிவாதமாக இருந்தாள். முகூர்த்த நாள் காலையில் தண்ணீர் வரும், நான் நின்னு திறந்து விடுகேன் என்று அவர் உறுதி சொல்லியிருந்தார். மாமி அதை நம்பி, வெளியே சொல்லி வைத்திருந்த தண்ணீர் லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். விடிந்தது. அவர் வந்து திறந்தார். குழாயில் காற்றுதான் வந்தது. சமையல்காரர்கள் அரிசியைக் களையாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பல் விளக்கத் தண்ணீர் கேட்டார்கள்.

அவர் தண்டைப் பந்தல் காலில் சாய்த்துவிட்டு ஓடினார். எங்கே போனார், யாரிடம் கெஞ்சினார் என்று தெரியாது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரியின் படியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். குறுகலான தெரு, லாரி உள்ளே வர முடியவில்லை. தெருமுனையிலிருந்து அண்டா அண்டாவாக அவரே சுமந்தார். சாப்பாடு நடந்தது, நேரம் தப்பி. அவரைச் சாப்பிடச் சொன்னபோது அவர் இல்லை. அதற்குப் பிறகு மாமி அவரைப் பார்க்கிற நாளெல்லாம் அந்தக் கல்யாணத்தைச் சொல்லிக் குத்துவாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். முடித்துவிட்டு, இன்னைக்கு வரும் மாமி என்பார்.

ஒருமுறை என் வீட்டுக்காரர் அலுவலக நண்பர்களோடு பொன்முடி போய்விட்டு வந்தார். வழியில் கல்லாற்றில் தண்ணீரே இல்லை, பாறைகள்தான் கிடந்தன, செருப்பு நனையாமல் மறுகரைக்கு நடந்து போனோம் என்றார். வால்வுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லாறு வேற ஆறு சார், நம்ம வெள்ளம் கரமனையாத்துல இருந்து வருகது, அது கெடக்கு என்றார். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்து, கரமனையாற்றைத் தடுத்து நிறுத்துகிற பேப்பாறை அணைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலையில் குழியருகே நான்தான் முதலில் நின்றேன். போன காரியம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உள்ளே ஆடு மேயுது அம்மா. அணைக்கு உள்ளே. யாருகிட்டயும் சொல்லாண்டாம்."

அதற்குள் மாமி வாளியோடு இறங்கி வந்துவிட்டாள். அவள் கேட்டதும், நெறைய கெடக்கு மாமி, பயப்படாண்டாம் என்று சத்தமாகவே சொன்னார். மாமி போன பிறகு, எதற்கு இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. அவர் தண்டைக் குழிக்குள் இறக்கிக்கொண்டே சொன்னார்.

"இல்லைன்னு சொல்லிட்டு, இத்தனை குடத்துக்கு நடுவுல நான் எப்படி அம்மா குனிஞ்சு நிக்கது?"

மாமியின் மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தார். படித்த, தன்மையான பையன். விடுமுறைக்கு வந்திருந்தபோது தெரு ஜனங்கள் தண்ணீருக்கு அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, பொறுமையாக எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். பூமி சூடாகிக்கொண்டே வருகிறது, கடல் சூடாகிறது, அதனால்தான் மழைக் காற்று தன் கணக்கை விட்டுவிட்டது, இனி மழை வந்தால் கொட்டும், வராவிட்டால் காயும் என்றார். பத்திரிகைகளிலும் அப்போது அதைப்பற்றி எழுத ஆரம்பித்திருந்தார்கள். வால்வுக்காரர் வாசற்படிக்குக் கீழே நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அப்படியென்றால் இனி இடவப்பாதி வராதா சார் என்று கேட்டார். மாப்பிள்ளை யோசித்துவிட்டு, வரும், ஆனால் எப்போது வரும், எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். இவர் முகம் தெளிந்துவிட்டது. தெருவில் அடுத்த வீட்டிலேயே, வெளிநாட்டு சாரும் வரும்னுதான் சொல்லுகாரு என்று சொல்லிக்கொண்டு போனார். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

அவருடைய வீடு ஆற்றுகாலுக்குப் பின்னால், கிள்ளியாற்றங்கரையில். ஒட்டினாற்போல ஓடு வேய்ந்த நாலைந்து சிறு வீடுகள். கிள்ளியாறு என்று பெயர்தான். அந்த வருஷங்களில் அது சாக்கடை அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மண்மேடு, அதில் பையன்கள் பந்து விளையாடுவார்கள்.

அந்த வருஷம் இடவப்பாதி பெயருக்கு வந்து போனது. துலா மாசத்தில், நம் ஐப்பசியில், ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிழக்கே கறுத்தது. இடி அதிகம் இல்லை. மழை மட்டும் இறங்கியது. நான் அன்றைக்கு ஸ்டாச்சூ சந்திப்பில் இருந்த என் அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். அப்படி ஒரு மழையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முற்றத்தில் நின்ற துளசி மாடம் தெரியவில்லை. பேசினால் கேட்கவில்லை. விளையாட்டுப்போல இருந்தது கொஞ்ச நேரம், மாமியும் நானும் எதிரெதிர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டோம். பிறகு தெருவில் தண்ணீர் ஏறி முதல் படியை மூடியது. சிரிப்பு நின்றுவிட்டது.

குழாயில் செம்மண் கலங்கிய தண்ணீர் வந்தது. எங்கோ பைப் உடைந்திருக்க வேண்டும். வால்வை மூடச் சொல்லி அவருக்கு ஆள் போயிருக்கிறது. முழங்காலுக்கு மேல் ஓடுகிற தண்ணீரில் அவர் தண்டை ஊன்றி ஊன்றி வந்தார். குழியின் மூடி கண்ணுக்குத் தெரியவில்லை. காலால் தடவித் தேடினார். மாமி தன் வாசலிலிருந்து, மேலே ஏறி வாங்கோ, அது கிடக்கட்டும், உங்க வீடு என்ன ஆச்சு என்று கத்திக் கேட்டாள். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பாறசாலை போயிருந்தாள், வீடு பூட்டிக் கிடந்தது.

"எங்க பக்கம் வராது மாமி. அங்க எல்லாருட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு மூடியைக் கண்டுபிடித்து, கழுத்துவரை தண்ணீரில் முங்கும்படி குனிந்து வால்வை மூடினார். பிறகு அடுத்த தெருவுக்குப் போனார்.

எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன் என்று அவர் சொன்னதன் அர்த்தம் மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. தையல்காரருக்கு அன்று காய்ச்சல். கடைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தார். அவர் மனைவி சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள், அவள் காலையிலேயே போய்விட்டாள். மழை வலுத்ததும் தையல்காரர் பக்கத்து வீட்டுக்குத் தாங்கித் தாங்கி வந்து, மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்தச் சூம்பிய காலை வைத்துக்கொண்டு மழையில் நடக்க அவருக்கும் பயம். இவர், காய்ச்சலோட நனையாண்டாம், ஆறு எந்தக் காலத்திலயும் நம்ம பின்படியத் தொட்டதில்ல, சாயங்காலம் வடிஞ்சிரும், போயிப் படுங்க என்று சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பிறகுதான் வால்வை மூட ஆள் வந்தது.

தண்ணீர் படிப்படியாக ஏறியிருந்தால் தையல்காரர் எப்படியாவது வெளியே வந்திருப்பார். மேட்டிலிருந்த ஒரு தோட்டத்தின் மதில், அதன் பின்னால் தேங்கிய தண்ணீரோடு ஒரேயடியாக அந்த வீடுகள்மேல் சரிந்தது. கதவு உள்ளே இருந்து திறக்க முடியாமல் அழுந்திக்கொண்டது. மழை விட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். பிரயோஜனம் இல்லை.

மாமியும் நானும் பார்க்கப் போனோம். கரையோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். தையல்காரர் மனைவி வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி சொன்னாவன்னா சரியாத்தான் இருக்கும்னு அவிய இருந்துட்டாவ."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நடந்தது என்ன என்று கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வால்வுக்காரர் பள்ளிக்கூடத்து வாசல் கேட்டுக்கு வெளியே, உள்ளே வராமல் நின்றிருந்தார். சேறு காய்ந்த அதே காக்கிச் சட்டை. அவள் சொன்னது அவருக்கும் கேட்டது. அவள் திட்டியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார், அழுதிருப்பார், ஏதாவது செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பக்கத்தில் போய், வாங்கோ, உள்ளே வாங்கோ என்று மாமி கூப்பிட்டாள். அவர் எங்களைத் தெரியாதவர்போலப் பார்த்துவிட்டு, ஆற்றுப் பக்கம் நடந்து போனார்.

சில வாரம் கழித்து வேலைக்கு வந்தார். தையல்காரர் மனைவி ஊரோடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம். போகிற அன்றைக்கு இவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தம்பானூர் வரைக்கும் போய்ப் பேருந்தில் ஏற்றிவிட்டாராம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போனாளாம். இதைச் சொன்னது அவர் மனைவி. அவர் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

எதுவுமே சொல்லவில்லை. தெருவுக்கு வருவார், மூடியைப் புரட்டுவார், திருகுவார், போவார். துலா மாசத்தில் அவ்வளவு பெய்தும் கும்பத்தில் கிணறு பழையபடி வற்றிவிட்டது. பெய்ததெல்லாம் ஒரே மூச்சில் கடலுக்குப் போயிருந்தது. மறுபடியும் குடங்கள், வாளிகள், சண்டை. நாளைக்கு உண்டா என்று கேட்டால், தெரியாது என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதேயில்லை. பொய் சொல்கிறார் என்று வருஷக்கணக்காக அவரைத் திட்டிய அதே ஜனங்களுக்கு இப்போது, அவருக்குத் திமிர் வந்துவிட்டது என்று கோபம் வந்தது. நானும் அந்தக் கோபத்தில் இருந்தேன். காலையில் அவர் முகத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

மீன மாசத்தில், பங்குனி வெயிலில், ஒருநாள் மதியத்துக்குமேல் வந்தார். அதற்கு முந்தைய சில நாட்களாகவே தண்ணீர் இல்லை. வந்து திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஜனங்கள் வாளியைத் தெருவிலேயே வரிசையாக விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மாமி மட்டும் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். மகள் வெளிநாட்டில், வீட்டில் இவள் தனி. அந்த ஒரு வருஷத்தில் ரொம்பத் தளர்ந்துவிட்டாள். குழியருகே போய் நின்றாள்.

"ஒரு வார்த்தை, வரும்னு சொல்லிட்டுப் போங்கோளேன். நான் ஒண்ணும் நம்பப்போறதில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தண்டைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டுத் தெருவோரத்தில் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் தெருவில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"முன்னாலயும் எனக்குத் தெரியாது மாமி" என்றார்.

மாமி காலியான வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள். நான் என் வாசலில் நின்றேன். கோயில் கோபுரத்துக்குப் பின்னால், கிழக்கே, மேகம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது. காற்று குளிர்ந்தது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவோம். அன்றைக்கு யாரும் அசையவில்லை. வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.